மடிப்பில் இருந்த சந்து

போன வாரம் பெரியவளை நான்காம் மாடிப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கையில் ஒரு சுற்றறிக்கை. அதை மூன்று தடவை படித்துவிட்டாள். மூன்றாவது தடவையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

இன்று பகல் இரண்டு மணிக்கு ஏழாம் வடிநிலத்தின் மதகு திறக்கப்படும். கீழே தலைமைப் பொறியாளரின் கையெழுத்து.

மழை பிடித்து நாலு நாள் ஆகிறது. தலைநகரத்தின் நடுவே ஓடும் பெரிய கால்வாய் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் ஏறினால் ஆஸ்பத்திரி, சந்தை, ரயில் நிலையம் எல்லாம் முழுகும். அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று தலைநகர ஆணையம் எப்போதோ திட்டம் போட்டு வைத்திருந்தது. நகரத்தின் ஓரத்தில் ஒரு பள்ளமான வெற்று நிலம். படத்தில் அதற்குப் பச்சை வண்ணம், ஏழு என்று எண். மதகைத் திறந்தால் கால்வாய்த் தண்ணீர் அங்கே போய் நிற்கும். ஆள் இல்லாத இடம். யாருக்கும் சேதமில்லை.

ஆள் இல்லாத இடம் என்று அந்தப் படத்தை வரைந்தவள் பெரியவள்தான். ஆணையத்தின் பட அறையில் அவளுக்கு அதுதான் வேலை. அந்தப் பச்சைக்குள் ஆள் இருக்கிறது என்று அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுடைய கூடப்பிறந்த தங்கை, நம் சின்னவள், அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

அது எப்படி நடந்தது என்பதை இன்று புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், பழைய நகரப் படங்களைப் புதுத் தாளில் பெயர்த்து வரையச் சொன்னார்கள். துணி ஒட்டிய தாள்கள், நாலாக மடித்து நாற்பது வருஷம் பீரோவில் கிடந்தவை. அவளுக்கு வந்த தாளில் நடு மடிப்பு நைந்து, மை உதிர்ந்து, ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. படத்தில் ஒரு விரல் அகலம் என்றால் தரையில் நூறு மீட்டர்.

அந்த மாதிரி இடத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, ‘தரையில் பார்க்க வேண்டும்’ என்று எழுதி, தலைமை வரைவாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் விதி. அப்போதைய தலைமை வரைவாளருக்கு அலுவலகத்தில் ரப்பர் என்று பெயர். அடுத்தவர் வேலையை அழிப்பதில் அவருக்கு அவ்வளவு பிரியம். ஒரு சந்தேகம் கேட்டால் ஒன்பது பேர் முன்னால் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார். பெரியவள் மூன்று நாள் அவர் மேஜைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பினாள். நாலாம் நாள் மடிப்புக்கு இந்தப் பக்கத்துப் பச்சையையும் அந்தப் பக்கத்துப் பச்சையையும் சேர்த்து ஒரே பச்சையாக்கிவிட்டாள்.

மடிப்போடு நீளவாக்கில் ஒரு சந்து இருந்தது. சாயப்பட்டறை ஆட்கள் குடியிருக்கும் சந்து. முழுசாக மடிப்புக்குள்ளேயே விழுந்திருந்ததால் முழுசாகப் போய்விட்டது.

தங்கைக்குக் கல்யாணம் பேசப் போனபோதுதான் அவள் அந்தச் சந்துக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தாள். ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கொடுத்த டீயை அவள் தொடவேயில்லை. சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார்தான் பயந்துபோனார்கள்.

அதற்குள் அவள் படத்தைப் பார்த்து இன்னொரு படம், அதைப் பார்த்து இன்னொன்று என்று நாலைந்து வந்துவிட்டன. வரி வாங்குகிற அலுவலகத்துக்கு அந்தச் சந்து தெரியும். மின்சாரக்காரர்களுக்குத் தெரியும். தபால்காரருக்கு வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் ஒரு அலுவலகத்தின் படத்தை இன்னொரு அலுவலகம் வாங்கிப் பார்க்கிற பழக்கம் அந்தத் தலைநகரத்தில் கிடையாது. சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு மாதமும் நினைத்தாள். ஒவ்வொரு மாதமும், அதுவரை சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மணி பதினொன்றரை. படிக்கட்டில் நின்றவள் கீழே போகவில்லை. மேலே போனாள்.

மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. அவள் கணவர் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரர். பழுது பார்ப்பதும் அவர்தான், கூட்டமான நாளில் உள்ளே நின்று ஓட்டுவதும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்து அவளோடு பேசியவர். இன்றைக்கு அவர் கையில் கிரீஸ் துணி. அவள் சொல்லச் சொல்ல விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார்.

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“அப்ப அதோட இருக்கட்டும்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மோட்டார் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினால்தான் கேட்கும்.

“போன வருஷம் நில அளவைப் பிரிவுல ஒரு தப்புக்காக ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? ரெண்டு பக்கமும் ரெண்டு போலீஸ். என் லிஃப்ட்லதான் இறங்கினாங்க. பொத்தானை அமுக்கினது நான். அந்த ஆள் வழி பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு வந்தாரு. உன்னையும் நானே கீழ இறக்கணுமா?”

நம் ஆளை மட்டும் வெளியே எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஏதாவது சாக்குச் சொல்லித் தங்கையை வரவழைத்துவிட வேண்டும். மாமியாரையும் அழைத்துக்கொண்டு வரட்டும். மற்றவர்கள் தண்ணீரைக் கண்டால் தாங்களாகவே ஓடிவிடுவார்கள். கை கால் இல்லாதவர்களா என்ன?

“நாப்பத்தோரு வீடு இருக்குங்க.”

“நாப்பத்தோரு வீட்டுலயும் உன் தங்கச்சியா வாக்கப்பட்டிருக்கா?”

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். பயந்தவர் சொன்னது பயந்தவளுக்கு நியாயமாகப் பட்டது.

பட அறைத் தொலைபேசியிலிருந்து சந்து முனைக் கடைக்கு அழைத்தாள். மழையில் லைன் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர் போய்ச் சொல்லி, சின்னவள் மழையில் ஓடி வந்து ரிசீவரை எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் கடைக்குள் யாரோ சிரிப்பதும், கல்லாப்பெட்டி திறந்து மூடுவதும், ஒரு குழந்தை மிட்டாய் கேட்டு அழுவதும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. கேட்கக் கூடாதவற்றை ஒட்டுக் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

உடம்பு சரியில்லை, உடனே வீட்டுக்கு வா, அத்தையையும் ஏதாவது வண்டி பிடித்து அழைத்து வா என்றாள்.

“உடம்பு சரியில்லைன்னா ஆபீஸ்ல ஏன்க்கா உக்காந்திருக்கே?” என்றாள் சின்னவள். “அத்தைக்கு இடுப்பு எலும்பு இன்னும் கூடலை. அவங்களைத் தூக்க நாலு பேர் வேணும். திட்டு வாங்க அஞ்சாவதா ஒரு ஆள் வேணும். அவரு லாரியோட வெளியூர் போயிருக்காரு. இந்த மழையில எங்க போய் ஆள் பிடிக்கிறது?”

“இல்லடி, சொன்னா கேளு. மழை அதிகமாகும்போல இருக்கு. உங்க சந்து பள்ளம்.”

“பள்ளம்தான். ஆனா கால்வாய்த் தண்ணி இந்தப் பக்கம் வராதே. நீங்க இத்தனை பேர் அங்க உக்காந்து பாத்துட்டுத்தானே இருக்கீங்க?” சின்னவள் சிரித்தாள். “நீ இருக்கும்போது எங்களுக்கு என்னக்கா பயம்? மாத்திரை போட்டுட்டுப் படு.”

கடைக்காரருக்குத் தொலைபேசி வேண்டியிருந்தது. சின்னவள் வைத்துவிட்டாள்.

பெரியவள் ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டார். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

அவள் எழுந்து லிஃப்டுக்குப் போனாள். கதவு திறந்தது. உள்ளே அவர்தான் நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தெரிந்துகொண்டே எந்த மாடி என்று கேட்டார்.

“ஒண்ணு.”

முதல் மாடியில்தான் வெள்ளக் கட்டுப்பாட்டு அறை. அவர் பொத்தானின் மேல் விரலை வைத்தார். வெகு நேரம் அமுக்கவில்லை. பிறகு அமுக்கினார்.

கட்டுப்பாட்டு அறையில் ஏழெட்டுத் தொலைபேசிகள் மாற்றி மாற்றி அடித்தன. தரை முழுக்கச் செருப்புச் சேறு. கால் மணிக்கு ஒரு தடவை கால்வாயின் அளவை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பலகையில் எழுதினார். எதிர்ச் சுவரில் கூரை வரைக்கும் தலைநகரத்தின் படம். அவள் வரைந்த தாளும் அதில் பெரிதாக்கி ஒட்டப்பட்டிருந்தது. பச்சை, ஏழு.

படத்துக்கு முன்னால் தலைமைப் பொறியாளர் நின்றார். நெடுநெடுவென்று, வளையாமல் நிற்கிற பெண்மணி. ஊழியர்கள் மட்டக்கோல் என்பார்கள். முன்னால் யாரும் சொன்னதில்லை.

பெரியவள் “மேடம்” என்றாள். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ஒரு சேவகர் அவளைத் தள்ளிக்கொண்டு தேநீர்த் தட்டோடு போனார். அவளைத் தாண்டிப் போலீஸ் அதிகாரிகள் போனார்கள், வந்தார்கள். ஆறு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதன் முதல் வார்த்தைகூட அவளுக்கு நினைவு வரவில்லை. பதினைந்து நிமிஷம் அப்படியே நின்றாள்.

பிறகு மேஜையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். ஏறி, ஏழாம் வடிநிலத்தின் பச்சையில் வரைய ஆரம்பித்தாள்.

அந்தச் சுவர்ப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. காவலர் அதட்டினார். அவள் நிறுத்தவில்லை. முதலில் முனைக் கடை. அடுத்து, வாசலில் சாயத் தொட்டி இருக்கும் வீடு. அதற்கு எதிரே தையல்காரி வீடு. பிறகு இரட்டை வீடு. கோடு நேராக விழுந்தது. ஒன்பது வருஷத் தொழில். ஒவ்வொரு கட்டமாக அவள் மாதாமாதம் நடந்து போன வழி சுவரில் நீண்டது. ஒரு தொலைபேசியை எடுத்தவர் பேசாமல் அப்படியே பிடித்திருந்தார்.

“யாரும்மா நீங்க?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“பட அறை, மேடம்.”

“என்ன வரையறீங்க?”

“வீடு.”

“அங்க வீடு எப்ப வந்துது?”

“எப்பவும் இருக்கு மேடம். நான்தான் வரையாம விட்டுட்டேன்.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். தலைமைப் பொறியாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் எத்தனை என்று மட்டும் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் கண் கடிகாரத்துக்கும் பலகைக்கும் போய்வந்தது. மணி ஒன்று நாற்பது.

“திறக்காம இருக்க முடியாது. ஆஸ்பத்திரியில கீழ் மாடியில மட்டும் இருநூறு பேர் படுத்திருக்காங்க,” என்றார். “கால்வாய் சம்மதிச்சா ரெண்டு நாப்பதுக்குத் திறப்பேன். சம்மதிக்கலைன்னா அதுக்கு முன்னாடி. மதகு ஏறும்போது சங்கு ஊதும். அதுக்கப்புறம் யாரும் சந்துல இருக்கக் கூடாது.”

போலீஸ் வேனை அனுப்பச் சொன்னார். வேன் ஓட்டுநர் வழி பார்க்கத் தன் படத்தைப் பிரித்தார். அது ஆணையம் கொடுத்த படம். அதில் சந்து எங்கே இருக்கும்?

“நான் வர்றேன்,” என்றாள் பெரியவள்.

அவள் வாசலைத் தாண்டும்போது தலைமைப் பொறியாளர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். “திரும்பி வந்ததும் நீங்க வரைஞ்ச அந்தத் தாளை எடுத்துக்கிட்டு நேரா என் அறைக்கு வாங்க. வேற எங்கயும் போகக் கூடாது.”

சந்துக்குள் வேன் நுழையும்போது இரண்டு மணி ஐந்து நிமிஷம். ஒலிபெருக்கியில் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. நாலு நாளாக வராத தண்ணீர் இனிமேலா வரப்போகிறது என்றார்கள். எந்த அலுவலகம், உத்தரவைக் காட்டு என்று ஒரு சாயக்காரர், முழங்கை வரைக்கும் நீலமான கையை நீட்டினார். உத்தரவில் சந்தின் பெயரே இல்லை, எதைக் காட்டுவது? கடைசியில் ஒரு போலீஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி, என் பிள்ளைகள் மேல் ஆணை என்று சொன்ன பிறகுதான் முதல் கதவு பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. மூட்டை, ரேடியோ, தையல் மெஷின், கூண்டோடு கோழி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரயில் மேட்டை நோக்கி நடந்தார்கள். காலியான ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் போலீஸ்காரர் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். மழையில் அது உடனே கரைந்தது. அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

சின்னவளின் வீட்டில் கதவுப் பலகையைக் கழற்றி, அதில் மாமியாரைக் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். ஐந்தாவது ஆளாகச் சின்னவள் கூடவே போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அக்காவைப் பார்த்தாள். பலகையைப் போகவிட்டு நின்றாள்.

“உடம்பு சரியில்லைன்னியே.”

பெரியவள் சொல்லிவிட்டாள். மழையில் நின்று, மூன்றே வாக்கியத்தில். ஆறு வருஷம் சுமந்தது அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

சின்னவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. “எப்ப தெரியும்?” என்றாள்.

“உனக்குக் கல்யாணம் பேச வந்தப்ப.”

“அன்னிக்கேவா?”

“ம்.”

“அப்புறமும் மாசாமாசம் எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தானேக்கா இருந்தே. உக்காந்து சாப்பிட்டே. எப்படி முடிஞ்சுது?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சின்னவள் அதற்கு மேல் நிற்காமல் பலகைக்குப் பின்னால் போய்விட்டாள்.

இரண்டு முப்பத்தொன்றுக்குப் போலீஸ்காரர் நாற்பத்தொன்று என்று உரக்கச் சொன்னார். வேனுக்குள் ஏறச் சொல்லிக் கைகாட்டினார். பெரியவள் ரயில் மேட்டைப் பார்த்தாள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். சாக்கும் குடையுமாக, ஈரக் கோழிகளைப்போல் நெருக்கி நின்றார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. இனி என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், ஜெயிலானாலும் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

மேட்டிலிருந்து சின்னவள் இறங்கி ஓடி வருவது தெரிந்தது.

“சாயப்பட்டறைக்குப் பின்னாடி இருக்கிறவங்க எங்கக்கா?”

“யாரு?”

“தகரக் கொட்டாய் போட்டு நாலு குடும்பம் இருக்கே. போன கோடையில வந்தவங்க.”

பெரியவள் அவளையே பார்த்தாள். பட்டறைக்குப் பின்னால் வேலிதான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். முன்வழியாக வந்து, தங்கை வீட்டில் உட்கார்ந்து, முன்வழியாகவே போகிறவள். சுவரில் நாற்பத்தொரு கட்டம் போட்டுவிட்டு, இவ்வளவுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

போலீஸ்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார். அதில் மழை பெய்யும் சத்தம் மட்டும் வந்தது. திருகினார், தட்டினார், வேனின் கூரை மேல் ஏறி நின்று கூப்பிட்டார். மறுபடியும் மழைச் சத்தம்.

அப்போது சங்கு ஊதியது.

இரண்டு முப்பத்துநாலு. கால்வாய் சம்மதிக்கவில்லை.

மதகிலிருந்து சந்துக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நிமிஷம் ஆகும்? பெரியவளுக்குத் தெரியாது. ஆணையத்தில் யாருக்குமே தெரியாது. வெற்று நிலத்துக்கு யாரும் அந்தக் கணக்கைப் போட்டு வைக்கவில்லை.

சின்னவள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தாள். பெரியவளும் ஓடினாள். பட்டறைச் சுவரை ஒட்டி ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதைத் தாண்டினால் சேறு. சேற்றில் நாலு தகரக் கொட்டாய்கள். இரண்டு வாசல் திறந்து கிடந்தன, உள்ளே யாருமில்லை. மூன்றாவதிலிருந்து ஒரு கிழவரைச் சின்னவள் இழுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காது கேட்கவில்லை. ஒலிபெருக்கியும் கேட்டிருக்காது, சங்கும் கேட்டிருக்காது. எதற்கு இழுக்கிறாள் என்று புரியாமல் அவர் வாசல் கட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

நாலாவது சாத்தியிருந்தது. பெரியவள் இரண்டு கையாலும் தகரத்தைத் தட்டினாள்.

“யாரு?” ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“கதவைத் திற கண்ணு. சீக்கிரம்.”

உள்ளே இன்னொரு குழந்தை, அதைவிடச் சின்னது, சிணுங்கியது.

“அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. யாரு வந்து கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“நான் ஆபீஸ்லேருந்து வந்திருக்கேம்மா.”

உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அதற்கும் அப்பால், பட்டறைச் சுவரின் அந்தப் பக்கத்தில், நிறைய பேர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவதுபோல் ஒரு சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆட்கள் யாரும் மிச்சமில்லை.